கொடைக்கானல் குளிரும் கார் வாரன்டியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் சுமார் 9 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பெட்ரோல் காரில், கடந்த மார்கழியில் குடும்பத்துடன் கொடைக்கானல் சென்றிருந்தேன். விடுதியில் கூரையுள்ள இடம் இல்லாததால் இரவு முழுவதும் கார் வெட்டவெளியில் நின்றது. விடிந்து பார்த்தபோது கண்ணாடி முழுவதும் உறைபனி. வைப்பரைப் போட்டேன், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, அதன்பின் ஓட்டுநர் பக்க வைப்பர் அசையவில்லை. வெப்பக்காற்றை முழு அளவில் வைத்த சற்று நேரத்தில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் மேல்நோக்கி ஓடியது. அதோடும் விடவில்லை. மலையிறங்கி வத்தலக்குண்டை நெருங்கும்போது எஞ்சின் சூட்டுக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உடனே நிறுத்திவிட்டுப் பார்த்தால், ரேடியேட்டரிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. இழுவை வண்டி வைத்துத்தான் மதுரைக்குக் கொண்டுவந்தேன். சர்வீஸ் சென்டரில் மூன்றையும் சேர்த்து ‘உறைபனியால் ஏற்பட்ட சேதம், வாரன்டி கிடையாது’ என்று எழுதிவிட்டார்கள். நான் கூலன்டில் வெறும் தண்ணீரைக் கலந்ததால் அது உறைந்து ரேடியேட்டர் பிளந்ததாக வாய்மொழியாகச் சொல்கிறார்கள். வாங்கிய நாள்முதல் எல்லாச் சர்வீஸும் அவர்களிடமே செய்திருக்கிறேன். நானாக எதையும் ஊற்றியதில்லை. நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு எழுதினால் ‘டீலரை அணுகவும்’ என்கிறார்கள். டீலரைக் கேட்டால் ‘கம்பெனி அனுமதிக்கவில்லை’ என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: உங்கள் காருக்கு நேர்ந்தவை மூன்று வெவ்வேறு சேதங்கள். அவற்றுக்குக் காரணமும் வேறு, பொறுப்பாளியும் வேறு. மூன்றையும் ஒரே வரியில் எழுதி மறுத்தது டீலருக்கு வசதியாக அமைந்துவிட்டது. நீங்களும் மூன்றையும் ஒன்றாகவே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வசதி நீடிக்கும். ஆகவே முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

வைப்பர் விஷயத்தில் நிறுவனத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டி உறைந்துபோன வைப்பரை மோட்டார் இழுக்கும்போது, ஃபியூஸ் போகும்; இல்லையென்றால் மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் கம்பியின் மூட்டு கழன்றுகொள்ளும். ஒரு பக்க வைப்பர் மட்டும் நின்றுபோனதைப் பார்த்தால் உங்கள் காரில் நடந்தது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. இதை உற்பத்திக் குறை என்று வாதிட இடமில்லை. கண்ணாடி விரிசலும் ஏறக்குறைய அப்படித்தான். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உள்தகடு சூடாகி விரிய, வெளித்தகடு பனியின் குளிரிலேயே இருக்க, ஓரத்தில் முன்பே சரளைக்கல் பட்டு ஒரு சிறு தழும்பு இருந்தால் விரிசல் அங்கிருந்து புறப்படும். நான்குவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடும் கார்களில் இத்தகைய தழும்பு இல்லாத கண்ணாடியைக் காண்பது அரிது.

இந்த இரண்டுக்கும் நீங்கள் போக வேண்டிய இடம் வாரன்டி அல்ல, காப்பீடு. உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும் அல்ல, முழுமையான பாலிசிதான் என்றால், சொந்தச் சேதப் பிரிவில் எவற்றுக்கெல்லாம் இழப்பீடு உண்டு என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி மழை ஆகியவற்றின் வரிசையில் உறைபனியும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கும். இந்திய மோட்டார் காப்பீட்டின் பொது வாசகம் அது. மதுரைக்காரர் எவரும் இதுவரை படிக்கத் தேவைப்படாத வரி என்பதால், ஏஜென்ட்டுக்கே நினைவில் இல்லாமலிருக்கலாம். பாகம் பழையதானதற்காகத் தொகையைக் குறைக்கும் தேய்மானக் கழிவு கண்ணாடிக்குக் கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். எஞ்சின் 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவாக 1000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும். வைப்பர் மூட்டை ‘இயந்திரப் பழுது’ என்று, சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டுச் சர்வேயர் ஒதுக்கப் பார்க்கலாம், ஏனெனில் இயந்திரப் பழுது பாலிசியில் விலக்கப்பட்ட ஒன்று. உறைபனியே நேரடிக் காரணம் என்று டீலரே எழுதிக்கொடுத்திருக்கிறாரே, அந்தத் தாளையே சர்வேயரிடம் காட்டுங்கள். உங்களுக்கு எதிராக எழுதிய தாள் இங்கே உங்களுக்கே உதவும். தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என்றாலும் இனி ஒரு நாளும் கடத்த வேண்டாம். சர்வேயர் பார்ப்பதற்குமுன் கண்ணாடியை மாற்றியும் விடாதீர்கள். கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டுக்கான நோ க்ளெய்ம் போனஸ் (கோரிக்கை வைக்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும் என்பதால், எஸ்டிமேட் தொகையையும் போனஸ் தொகையையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டபின் முடிவெடுங்கள்.

இனி ரேடியேட்டர். உங்கள் புகாரின் உயிர்நாடி இதுதான். டீலர் சொல்லும் காரணம் இங்கேதான் நிற்கவில்லை.

கொடைக்கானலில் உறைபனி படியும் இரவுகளில் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். அப்படியிருந்தும் புல்லிலும் காரின் கூரையிலும் கண்ணாடியிலும் பனி உறைவதற்குக் காரணம், மேகமற்ற வானத்தை நோக்கி அந்தப் பரப்புகள் தம் வெப்பத்தை வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதுதான். மெல்லிய பரப்புக்கு இது பொருந்தும். பானட்டுக்குக் கீழே, வானத்தைப் பார்க்காத இடத்தில், முந்தைய மாலை மலையேறிச் சூடாகியிருந்த எஞ்சினை ஒட்டி இருக்கும் சில லிட்டர் திரவம் ஓரிரவில் கட்டியாக உறைந்து ரேடியேட்டரைப் பிளக்கும் என்பது நம்பக்கூடியதல்ல. அதற்குப் பூஜ்யத்துக்கு வெகு கீழே பல மணி நேரம் நீடிக்கும் குளிர் வேண்டும். வெறும் தண்ணீருக்கே இந்த நிலை என்றால், கூலன்டுக்குக் கேட்க வேண்டியதில்லை. உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் உறைவதற்கு ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வேண்டும். கிளைக்கால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டாலும் மைனஸ் 15 டிகிரிவரை தாங்கும்.

உறைந்து வெடித்த ரேடியேட்டர் பார்த்தாலே தெரியும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகுவதால், அலுமினியக் குழாய்கள் பல இடங்களில் வயிறு புடைத்துப் பிளந்திருக்கும். அப்படி இல்லாமல், பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் மட்டும் கசிவு இருந்தால், ரப்பர் கேஸ்கெட், மடித்துப் பிடித்த விளிம்பு, பிளாஸ்டிக்கின் தரம், அழுத்தத்தை விடுவிக்காத மூடி ஆகியவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு ஓடிய காரில் இவை எல்லாம் வாரன்டிக்குள் வருபவை. கசிவு எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை; நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல் பட்ட தடம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், இருந்தால் அது மீண்டும் காப்பீட்டுக் கணக்கில் சேரும்.

அடுத்து டீலருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தைப் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதில் கோபம் வேண்டாம், மூன்று கோரிக்கைகள் போதும்: ரேடியேட்டர் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் பழுதானது என்று எழுத்தில் தர வேண்டும், மிஞ்சியிருக்கும் கூலன்டை உங்கள் முன்னிலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் சோதித்து உறைநிலையைக் குறித்துத் தர வேண்டும், கழற்றிய ரேடியேட்டரை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கூலன்ட் நீர்த்துப்போயிருந்தால்கூட, சர்வீஸில் செய்த வேலைகளைக் குறிக்கும் எல்லா ஜாப் கார்டும் அவர்களுடையதாக இருக்கும்போது அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்பில் போய்ச் சேர விட்டுவிட்டால், பிறகு எந்த நுகர்வோர் ஆணையமும் எதையும் சோதிக்க முடியாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறுவனங்களின் தலைமை அலுவலகம் பல நேரங்களில் இந்தக் கட்டத்தில்தான் கண் விழிக்கிறது. அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடமான மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள்; ஒருவரைக் காட்டி மற்றவர் தப்பும் விளையாட்டு அத்துடன் நின்றுவிடும். பொருளின் குறையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்துவிட வேண்டும். ஆய்வு தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதல் பொறுமை தேவைப்படும். ரேடியேட்டருக்கான செலவு மட்டுமே உங்கள் இழப்பு என்றால், வழக்குக்கு முந்தைய கட்டங்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் மின்சாரக் காரில் கொடைக்கானல் சென்றபோது, சமவெளியில் கிடைப்பதைவிட மிகக் குறைந்த தூரமே கிடைத்தது. குளிர் பேட்டரியைக் கெடுத்துவிட்டதா? நிறுவனத்தைக் கேட்டால் கையேட்டைப் படிக்கச் சொல்கிறார்கள்.
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: குளிரைவிட மலைதான் காரணம். ஒன்றரை டன் எடையை 2000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 8 யூனிட் மின்சாரம் வேண்டும்; சாலையில் ஓடும் செலவும் மோட்டாரில் வீணாவதும் இதற்குமேல். 30 யூனிட் பேட்டரியில் இது பெரிய பங்கு. குளிரில் பேட்டரியின் திறன் சற்றுக் குறைவதும், உள்ளே ஹீட்டர் இழுக்கும் மின்சாரமும் உண்மையே என்றாலும், கீழே இறங்கியதும் அந்தக் குறை மறைந்துவிடும். உசிலம்பட்டியில் வழக்கமான சாலையில் முழு சார்ஜில் முன்பு கிடைத்த தூரம் இப்போதும் கிடைத்தால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடைக்காவிட்டால், பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு எத்தனை சதவீதம் என்ற அறிக்கையைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள். கையேட்டைப் படிக்கச் சொல்வது அதற்குப் பதிலாகாது. பேட்டரி வாரன்டி அந்தச் சதவீதத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.

கேள்வி: உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றலாமா?
— வாசகர், பெரியகுளம்

பதில்: கூடாது. மேலே மதுரை வாசகருக்கு நேர்ந்தது வெந்நீரில் இன்னும் விரைவாக நேரும். எஞ்சினை ஓடவிட்டு, வெப்பக்காற்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்; வைப்பரைப் பனி முழுதும் இளகும்வரை தொடாதீர்கள். முந்தைய இரவே வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, கண்ணாடியின்மேல் ஒரு கோணிச்சாக்கையோ கெட்டி அட்டையையோ போட்டு வைத்தால் காலையில் இந்த வேலையே இருக்காது. மரத்தடியில் நிறுத்தினாலும் பனி குறைவாகவே படியும். ஆனால் கொடைக்கானலில் எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், குரங்குகள் வைப்பர் ரப்பரை விட்டுவைப்பதில்லை.