‘-எல்எம்’ எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பச்சைத் தேயிலையின் தினசரி எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிட, சி மொழியில் மெயின்.சி, எடை.சி, எடை.எச் என்று பிரித்து ஒரு நிரல் எழுதினேன். உபுண்டுவில் ஜிசிசி கம்பைலர், வர்க்கமூலம் காணும் ‘எஸ்க்யூஆர்டி’ ஃபங்ஷனுக்கு ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்கிறது. மேத்.எச் சேர்த்தாயிற்று, கணித லைப்ரரியை இணைக்கச் சொல்லும் ‘-எல்எம்’மும் கொடுத்தாயிற்று. கம்பைல் படிகளை ‘மேக்’ கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைல் எழுதினால் சரியாகுமா?
- கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: மேக்ஃபைல் அவசியம் எழுதுங்கள். ஆனால் இந்தப் பிழை அதனால் மட்டும் போகாது.

‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்றால் கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது, கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர்தான் தடுமாறுகிறது என்று பொருள். வர்க்கமூல ஃபங்ஷனை எப்படி அழைப்பது என்பதை மட்டுமே மேத்.எச் சொல்லும். ஃபங்ஷன் இருப்பது கணித லைப்ரரியில். அதைத் தேடி இணைப்பது லிங்கர். உங்கள் கட்டளையில் ‘-எல்எம்’ கோப்புப் பெயர்களுக்கு முன்னால் நிற்கிறது என்று நினைக்கிறேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடும். மளிகைப் பட்டியல் கைக்கு வருமுன்பே கடையைத் தாண்டிவிட்ட மாதிரி. ‘-எல்எம்’மைக் கடைசியில் போடுங்கள், சரியாகிவிடும்.

இனி மேக்ஃபைல். அதில் ஒவ்வொரு விதியும் இப்படி இருக்கும்: உருவாக வேண்டிய கோப்பு, ஒரு கோலன், அதற்குத் தேவையான கோப்புகள். அடுத்த வரியில் கட்டளை. மெயின்.ஓ, எடை.ஓ இரண்டையும் ‘-சி’ (இணைக்காமல் கம்பைல் மட்டும் செய்) கொடுத்துத் தனித்தனியே கம்பைல் செய்யுங்கள், கடைசி விதியில் இணையுங்கள். எச்சரிக்கைகளைக் காட்டும் ‘-டபிள்யூஆல்’, பிழை தேட உதவும் ‘-ஜி’ இரண்டும் கம்பைல் வரிகளில் எப்போதும் இருக்கட்டும். கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதிய நாளிலிருந்து வரும் வழக்கம் இது.

எனக்கு உண்மையில் கவலை தருவது எடை.எச்தான். மேக் பார்ப்பது கோப்புகள் மாறிய நேரத்தை மட்டுமே. எடை.எச்சில் இருக்கும் ஸ்ட்ரக்ட்டில் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய அமைப்பு) ஒரு புலம் சேர்க்கிறீர்கள், எடை.சியையும் திருத்துகிறீர்கள், மெயின்.ஓவுக்கான விதியில் எடை.எச்சைக் குறிப்பிடவில்லை என்று வையுங்கள். எடை.ஓ புதிதாகும், மெயின்.ஓ பழைய அமைப்பிலேயே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராமல் இணைந்துவிடும், எடை மட்டும் தப்பாக வரலாம். தேயிலைக்குக் காசு எடையை வைத்துத்தானே! அதனால் இரண்டு ‘.ஓ’ விதிகளிலும் எடை.எச்சை எழுதுங்கள். கோப்புகள் பெருகியபின் கம்பைல் வரியில் ‘-எம்எம்டி’ சேர்த்தால் ஜிசிசியே இந்தப் பட்டியலை ‘.டி’ கோப்புகளாக எழுதித் தரும். அவற்றை மேக்ஃபைலின் கடைசியில் ‘-இன்க்ளூட்’ வரியால் சேர்த்துக்கொள்ளலாம்.