யூ-பூட்: பட்டியலில் உண்டு, கோப்பில் இல்லை - அந்த மாறி என்ன ஆகும்?

யூ-பூட் என்பது கருவியைத் துவக்கும் நிரல்; கோப்பிலிருந்து அதன் மாறிகளை ஏற்றும் கட்டளைதான் என்வ் இம்போர்ட். பெயர்ப் பட்டியலில் சர்வர்ஐபி (சர்வரின் முகவரியை வைக்கும் மாறி) இருந்தும், கோப்பில் அது இல்லாதபோது ஏன் அழியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘மைனஸ் டி’ என்ற விருப்பம் இல்லாமல் என்வ் இம்போர்ட் செய்தால், கோப்பில் இல்லாத மாறிக்குப் பழைய மதிப்பே நிற்கும். உங்கள் சர்வர்ஐபி போகாததற்குக் காரணம் அதுதான். மைனஸ் டியோடு பெயர்ப் பட்டியலும் கொடுங்கள்: பட்டியலில் இருந்தும் கோப்பில் இல்லாதவை மட்டும் அழியும், பட்டியலில் இல்லாதவற்றைத் தொடாது.

அப்படியும் போகவில்லையா? கட்டளையில் நினைவக முகவரிக்கு அடுத்து கோப்பின் அளவைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அப்போது முதல் பெயரையே அளவாக எடுத்துக்கொள்ளும். கோப்பை நினைவகத்தில் ஏற்றும் லோட் கட்டளை நிரப்பித் தரும் ஃபைல்சைஸ் மாறியை அங்கே போடுங்கள். அப்புறம் ‘பிரிண்ட்என்வ் சர்வர்ஐபி’ அடித்துப் பாருங்கள், ‘நாட் டிஃபைன்ட்’ என்று வர வேண்டும்.

சேவ்என்வ் கொடுக்கும்வரை மாற்றம் ராமில்தான் இருக்கும். தயவுசெய்து பட்டியல் இல்லாமல் மைனஸ் டி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கருவி துவங்கும்போது தானாக ஓடும் கட்டளையை வைத்திருக்கும் பூட்சிஎம்டி உட்பட கோப்பில் இல்லாத எல்லாமே போய்விடும்.