நிகழ்தகவுக் கணக்குக்கு டிஜிட்டலை விட்டு அனலாக் சுற்று எதற்கு?

சாதாரண லாஜிக்கில் பிட் என்றால் 0 அல்லது 1, அவ்வளவுதான். நிகழ்தகவு லாஜிக்கில் 'இது 1 ஆக இருக்க 70 சதவீத வாய்ப்பு' என்பதே ஒரு மதிப்பு. அனலாக் சுற்று அதை மின்னோட்டமாகவே வைத்துக்கொள்ளும்: 1-க்கான கம்பியில் 70 நானோஆம்பியர், 0-க்கான கம்பியில் 30.

இதில் என்ன லாபம்? கூட்டலுக்குத் தனிச் சுற்றே வேண்டாம். பெருமழை விட்டதும் புளோக்குக்குப் பின்னால் இரண்டு கால்வாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள், யாரும் கணக்குப் போடாமலே தண்ணீர் கூடிவிடுகிறது. இரண்டு கம்பிகளை இணைத்தால் மின்னோட்டமும் அப்படித்தான். பெருக்கல்தான் கொஞ்சம் வில்லங்கம். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில், டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் சீராகக் கூடக்கூட அதன் மின்னோட்டம் மடங்கு மடங்காக (அடுக்குக்குறி முறையில்) ஏறும், அதனால் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மின்னோட்டங்கள் பெருக்கப்பட்டுவிடும். 1968-ல் பேரி கில்பர்ட் வெளியிட்ட பெருக்கிச் சுற்று நம்பியிருப்பதும் இந்தக் குணத்தைத்தான், அதற்கு ஒரு சில டிரான்சிஸ்டர்களே போதும். டிஜிட்டல் பெருக்கிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

சரி, ஒரு கணக்கு. ஒன்றையொன்று சாராத இரண்டு பிட்கள் 1 ஆக இருக்கும் வாய்ப்பு 0.7, 0.6. இரண்டும் வேறுபட எவ்வளவு வாய்ப்பு? 0.7 × 0.4 = 0.28, 0.3 × 0.6 = 0.18. அந்த இரண்டு கம்பிகளையும் முடிச்சுப் போட்டால் 0.46 வந்துவிடும்.

குறையும் உண்டு. எந்த இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது, சூட்டுக்கும் மாறும், அதனால் துல்லியம் குறைவு. பிழைதிருத்தக் குறியீடுகளைப் பிரிப்பது (வழியில் சிதைந்த தகவலிலிருந்து சரியான பிட்களை மீட்பது) போன்ற, சிறு பிசகைத் தாங்கும் வேலைகளுக்கே இது சரிப்படும்.

அப்புறம், நிகழ்தகவுச் சுற்று என்றதும் பலர் அது பகடை உருட்டி ஏதோ ஒரு விடை தரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதே உள்ளீட்டுக்குச் சிறு இரைச்சல் போக அதே 46 நானோஆம்பியர்தான் வரும்.