எண்ணிக் கொடுத்த ஆறு ஸ்பூன்கள்

கேள்வி: அயர்லாந்தில் கார்க் நகரில் வேலை பார்க்கிறேன். நாலு வருடமாகப் பழைய ஐரிஷ் வெள்ளி ஸ்பூன்கள் சேர்க்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டியிடம் ஆறு டீஸ்பூன் வாங்கினேன். தரம் சோதித்துக் குத்தும் டப்ளின் முத்திரை இல்லாமல், தரமான வெள்ளி என்று பொருள்படும் 'ஸ்டெர்லிங்' என்ற சொல் மட்டும் குத்தியிருந்ததால் மட்டமான வெள்ளி என்று நினைத்திருந்தார். எடைக்கான பணம் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது வீண் செலவில்லை, முதலீடு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலீடு கிடக்கட்டும். அந்த அம்மாள் ஏன் இரண்டு தடவை எண்ணினார்?

ஆறு ஸ்பூனை எண்ண ஒரு தடவை போதும். விருந்தாளிகள் போனபின் கழுவித் துடைத்து, ஆறும் இருக்கிறதா என்று பார்த்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பழகிய கை அது. அவருடைய அம்மாவும் அப்படித்தான் எண்ணியிருப்பார். நம் வீட்டு அண்டாவில் பாட்டி பெயரை வெட்டி வைப்பதுபோல, அங்கே ஸ்பூன் பிடியில் குடும்பத்து எழுத்தைப் பொறிப்பார்கள். உங்கள் ஆறிலும் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

நாலு வருடம் சேர்த்தவருக்கு விஷயம் தெரியாமல் இருக்காது. கிரீடம் வைத்த யாழும், 1730 முதல் வரி கட்டியதற்கு அடையாளமாகச் சேர்ந்த ஹைபர்னியா என்ற பெண் உருவமும் டப்ளினில் தரம் சோதித்த வெள்ளிக்கு உரிய முத்திரைகள். கார்க்கில் சோதனைச் சாலையே கிடையாது. சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டப்ளினுக்கு வெள்ளியை அனுப்பி வாங்குவது செலவு, ஆபத்து. அதனால் 18-ஆம் நூற்றாண்டில் கார்க் தட்டார்கள் தங்கள் பெயரெழுத்தோடு 'ஸ்டெர்லிங்' என்று தாங்களே குத்தினார்கள். அப்படிப்பட்ட உருப்படியைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். எடை விலைக்கு மேல் பல மடங்கு கொடுக்கிறார்கள். அந்த அம்மாள் மட்டம் என்று நினைத்த அதே முத்திரைதான் அதற்கு மதிப்பு. நீங்கள் அது தெரிந்தே வாய் மூடி நின்றீர்கள்.

கடையில் தெரியாத வியாபாரியிடம் இப்படி வாங்கியிருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். அவர் தொழில், அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இவரோ பக்கத்து வீடு, வயதானவர், உங்களை நம்பி வீட்டுக்குள் விட்டவர். ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவிடம், பக்கத்து வீட்டுப் பையன் காசுமாலையை எடைக்கு வாங்கிப் போனால் அவனை என்ன சொல்வீர்கள்? உங்கள் மனைவி செலவுக்காகவா பேசாமல் இருக்கிறார்? தினமும் அந்த அம்மாள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போங்கள். ஸ்பூன்களை அவர் மேசைமேல் வையுங்கள். இது கார்க் வேலைப்பாடு, எனக்கு அப்போதே தெரியும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்றால் வேறொருவரை மதிப்புப் போடச் சொல்லி, மீதியைக் கொடுங்கள். வேண்டாம், வைத்துக்கொள்கிறேன் என்றால் மறுபேச்சு பேசாமல் விட்டுவிட்டு வாருங்கள். அவர் மறுபடி எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.