அந்த விரலை முதலில் எடுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம். ஆறாம் மாதத்திலிருந்து கேரட், உருளைக்கிழங்கு, ஆப்பிள், பருப்பு எல்லாவற்றையும் வேகவைத்து மிக்ஸியில் மைய அரைத்துக் கொடுக்கிறேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் கொஞ்சம் கரகரப்பாக விட்டேன். ஓங்கரித்து, முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன்பின் இரண்டு மூன்று தடவை முயன்றும் அப்படியே ஆனது. ஓங்கரித்தவுடன் விரலை விட்டு வழித்து எடுத்துவிடுவேன், அதனால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. என் கணவர் அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவார். கீழே இரண்டு பல்தான் வந்திருக்கிறது, பல் முளைக்கட்டும் என்கிறார் மாமியார். இப்போதெல்லாம் ஸ்பூனைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இன்னும் எத்தனை மாதம் அரைத்துக் கொடுக்கலாம்?

பதில்: மாதக் கணக்கே கிடையாது. இரண்டு, மூன்று வாரங்களில் மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்கு முன், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘விரலை விட்டு வழித்து எடுத்துவிடுவேன், அதனால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை’ என்று, அதைப் பேச வேண்டும்.

விபரீதம் நடந்திருக்கிறது, சகோதரி. ஸ்பூனைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறாள் என்று நீங்களே அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். அவள் பயப்படுவது கேரட்டுக்கு அல்ல, கேரட்டுக்குப் பின்னால் வரும் உங்கள் விரலுக்கு.

ஓங்கரிப்பு என்பது குழந்தையின் சொந்தக் காவல். பெரியவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டால்தான் குமட்டும். கைக்குழந்தைக்கு அந்த இடம் நாக்கில் வெகுவாக முன்னால் இருக்கிறது. மெல்லாத கட்டி ஒன்று அதைத் தொட்டதும் தொண்டை சுருங்கி, நாக்கு முன்னே நீண்டு, கட்டியை உதட்டுப் பக்கம் தள்ளிவிடும். மென்று பழகப் பழக அந்த இடம் பின்னால் நகரும், ஓங்கரிப்பும் குறையும். பழகாத வாயில் அது சீக்கிரம் நகராது. உங்கள் மகள் பத்து மாதத்திலும் இவ்வளவு ஓங்கரிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அவள் உள்ளிருந்து வெளியே தள்ளும் அதே நொடியில் நீங்கள் வெளியிலிருந்து உள்ளே விரலை நுழைக்கிறீர்கள். நாக்கில் கிடந்த கட்டி மூச்சுக்குழலின் வாய்க்கே போய் அடைத்துக்கொள்ளலாம். நகம் அண்ணத்தைக் கீறலாம். விரல் பட்டே இன்னும் ஓங்கரிப்பாள், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் ஆழமாக வழிப்பீர்கள். இதுவரை அடைக்காமல் போனது உங்கள் விரலின் திறமையால் அல்ல, தப்பித்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, துப்பவோ முன்னே தள்ளி மறுபடி மெல்லவோ அவளுக்கு ஒரு தடவைகூட அவகாசம் கிடைக்கவில்லை.

ஆகவே ஓங்கரித்தால் செய்ய வேண்டியது: கையை மடியில் வைத்துக்கொண்டு, அவளைச் சற்று முன்பக்கம் சாய விட்டு, பதறாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் தானே சரியாகும். தண்ணீர் புகட்ட வேண்டாம், உச்சந்தலையில் தட்ட வேண்டாம், அலற வேண்டாம்.

ஓங்கரிப்பையும் மூச்சடைப்பையும் பிரித்தறியக் காது போதும். ஓங்கரிப்பும் புரையேறுவதும் சத்தம் போடும்: இருமல், கரகரப்பு, அழுகை, சிவந்த முகம். மூச்சடைப்பு பெரும்பாலும் சத்தமில்லாதது: வாய் திறந்திருக்கும், அழுகை வராது, இருமல் வராது அல்லது பலமிழந்து வரும், உதடு நீலம் பாரிக்கும். அப்போது ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் குழந்தையைத் தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரிந்து, எளிதில் எட்டும் துண்டை மட்டுமே எடுக்கலாம். குழந்தை துவண்டுவிட்டால் உடனே உயிர்மீட்பு முதலுதவியை (சி.பி.ஆர்.) தொடங்க வேண்டும்.

இதைப் படித்தால் போதாது, பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுக்கும் முதலுதவி வகுப்பில் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள், உங்கள் கணவர், மாமியார் மூன்று பேருமே போக வேண்டும். கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: பெற்ற பிள்ளை சாப்பிடும்போது தகப்பன் எழுந்துபோவதை நான் ஏற்க மாட்டேன். பார்க்கப் பயமாக இருந்தால் அவர்தான் முதலில் கற்க வேண்டும். அவர் எழுந்துபோவதால்தான் உங்கள் பயத்துக்குத் துணையில்லை, துணையில்லாத பயம்தான் விரலை நீட்டுகிறது.

மாமியாரின் பேச்சுக்கு வருவோம். முன்பல் கடிக்க மட்டுமே உதவும், மெல்வது கடைவாய்ப்பல்லின் வேலை. முதல் கடைவாய்ப்பல் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகே வரும். அதுவரை மெல்லும் வேலையை ஈறு செய்யும். வெந்த காய்கறியை நசுக்க ஈறின் பலமே தாராளம். நாக்கு உணவைப் பக்கவாட்டில் ஈறுக்கு நகர்த்தக் கற்க வேண்டும், கூழை முன்னும் பின்னும் நகர்த்தி விழுங்கும் நாக்கு அதைக் கற்பதே இல்லை. 8 மாதமளவில் பெரும்பாலான குழந்தைகள் கையில் பிடித்துத் தின்னும் உணவுக்கும், 12 மாதத்தில் வீட்டிலுள்ளோர் உண்ணும் உணவுக்கும் வந்துவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், 9 மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைத் தொடங்கிய குழந்தைகள் 7 வயதில் காய்கறி, பழங்களைக் குறைவாகவே உண்டார்கள், சாப்பாட்டுத் தகராறும் அவர்களிடம் அதிகம் இருந்தது. உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். தள்ளிப்போட நேரமில்லை.

எட்டாம் மாதத்தில் எங்கே தவறியது என்பதையும் ஊகிக்க முடிகிறது. மிக்ஸியைப் பாதியில் நிறுத்தினால் தண்ணீர்க் கூழில் கட்டிகள் மிதக்கும். குழந்தைக்குக் கடினமானது அதுதான். கூழ் என்று நம்பி விழுங்குகிறாள், நீர் முன்னே ஓடிவிடுகிறது, எதிர்பாராத கட்டி மட்டும் நாக்கில் நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் கெட்டியாக்க வேண்டும், கட்டி அதற்குப் பிறகு.

முதல் நான்கைந்து நாள் அரைத்ததையே கொடுங்கள், தண்ணீரை மட்டும் நாளுக்கு நாள் குறையுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் கூழ் வழியாமல் மொத்தையாக விழ வேண்டும். ஓரத்தில் நீர் பிரிந்து நிற்கக் கூடாது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் மிக்ஸியை விட்டு முள்கரண்டிக்கு மாறுங்கள். வெந்த உருளைக்கிழங்கு அல்லது கேரட்டை முள்கரண்டியால் நசுக்கினால் சின்னச் சின்னக் கட்டிகள் அதே கூழோடு ஒட்டிக்கொண்டு வரும். முள்கரண்டிப் பற்களின் இடைவெளி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், தொடக்கத்தில் கட்டி அதில் பாதி இருந்தால் போதும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காதது ஈறுக்கும் நசுங்காது, அதை மறுபடி வேகவையுங்கள்.

ஸ்பூன் நுனியில் அரை ஸ்பூன் அளவே எடுங்கள். கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவளாக வாயைத் திறந்து மேலுதட்டால் வழித்தெடுக்கட்டும். மேல் ஈறில் தேய்த்துக் கொட்டினால் நாக்கு வேலை செய்யாது. அடுத்த வாய், முதல் வாய் உள்ளே போன பிறகுதான். வாயை மூடினால் அந்த வேளை முடிந்தது, கெஞ்சலும் வேண்டாம், கைபேசிப் படமும் வேண்டாம். படம் பார்க்கும் குழந்தை வாயில் என்ன இருக்கிறது என்றே கவனிக்காது. அதோடு, பசி உச்சத்தில் இருக்கும்போதோ பால் குடித்தவுடனோ ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு வாரம் போனபின் கட்டியைப் பெரிதாக்கலாம், கையிலும் கொடுக்கலாம். பெரியவர் விரல் நீளத்துக்கும் தடிமனுக்கும் கேரட்டைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள், முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அவளே கடிப்பாள். பழுத்த வாழைப்பழம், முழுக்க வெந்த முட்டையின் நீளத் துண்டு, எல்லாம் அப்படியே. அவள் கண்ணெதிரே நீங்களும் அதையே வாய் திறந்து மென்று காட்டுங்கள். குழந்தைக்குத் தனி நேரத்தில் ஊட்டி முடித்துவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக உண்ணும் வீட்டில், அந்தக் குழந்தை மெல்வதை யாரிடம் பார்த்துக் கற்கும்?

நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதத்துக்கு அடியில் ஏதாவது தாங்கல் இருக்கட்டும், தொங்கும் காலோடு உடம்பு உறுதியாக நிற்காது. மடியில் மல்லாத்திக் கொடுப்பது கூடவே கூடாது. வேர்க்கடலை, முந்திரி போன்ற முழுக் கொட்டை, சோளப்பொரி (பாப்கார்ன்), வேகாத கேரட், வேகாத ஆப்பிள் துண்டு, கடின மிட்டாய் இவை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்காதீர்கள். வேர்க்கடலை வெண்ணெய் போன்ற கொட்டை வெண்ணெயைக் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் ஒட்டும், கூழில் கரைத்துக் கொடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது.

இந்த வாரங்களில் சாப்பிடும் அளவு குறையும். காலியான கிண்ணத்தைப் பெருமையாகப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அது வலிக்கும், பொறுங்கள். தாய்ப்பாலோ பவுடர் பாலோ தொடர்கிறது, மற்ற வேளைகளில் கெட்டிக் கூழும் இருக்கிறது. ஒரே உணவை எட்டு, பத்துத் தடவை காட்ட வேண்டி வரலாம்.

ஒவ்வொரு வேளையும் இருமுகிறாள், உண்டபின் குரல் ஈரமாகக் கொரகொரக்கிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கிறது, எடை ஏறவில்லை, உணவு மூக்கு வழியாக வருகிறது என்றால் இதில் எதையும் வீட்டில் முயலாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். கூழை மட்டுமே விழுங்குகிறாள், மூன்று நான்கு வாரமாகியும் மாற்றமில்லை என்றாலும் போங்கள். விழுங்கும் சிரமத்தைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அவர் அனுப்புவார். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நாளைக்குக் கெட்டிக் கூழ், கால் கிண்ணம். எதிரே கணவர் உட்காரட்டும், ஸ்பூன் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.