மாலை ஐந்து மணிக்காரர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறேன். சாது. கடிக்காது, உதைக்காது. ஆனால் கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கன்னடியன் கால்வாய்க் கரையில் பழக்குகிறேன். மயில் கத்தினால் அங்கே பார்க்கிறது, டிராக்டர் வந்தால் நின்றுவிடுகிறது. லகானை இழுப்பதே அதற்கு உறைக்கவில்லை. கண்பட்டை போடலாமா? முரட்டுக் கடிவாளம் மாட்டச் சொல்கிறார்கள், செய்யலாமா? தீனிக்குக் குறையில்லை, இரண்டு வேளையும் கொள்ளு தாராளமாக வைக்கிறோம். லாய வேலைக்கு ஒரு பையன் இருக்கிறான்.

க., சேரன்மகாதேவி

அன்புள்ள க.,

முரட்டுக் கடிவாளம் வேண்டாம். வாய் புண்ணானால் பிறகு எந்தக் கடிவாளமும் உதவாது. கண்பட்டை வண்டிக் குதிரைக்குப் போடுவது, பின்னால் உருளும் சக்கரத்தைக் கண்டு மிரளாமல் இருக்க. மயிலைப் பார்க்கிறது என்கிறீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர மற்ற எல்லாப் பக்கமும் தெரிகிற கண் அதற்கு. பார்க்காமல் என்ன செய்யும்?

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடைசி வரிதான். கொஞ்ச நாளாகக் காயல் துறைமுகத்துக் குதிரைகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழையகாயல், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை நம் நெல்லை மாவட்டம்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். பாரசீக வளைகுடா வாயிலில் இருக்கும் ஹோர்முஸ் பக்கமிருந்து கப்பலில் வந்தவை. எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், போகட்டும். காரணமாக அவர் சொல்வதுதான் முக்கியம். இங்கே குதிரை பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் தின்னக் கொடுத்தார்கள். விற்ற வியாபாரிகளோ, குதிரை வைத்தியம் தெரிந்தவன் எவனையும் இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்? பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கியவனுக்குக் குதிரைக்காரன் ஒருவனைத் தேடத் தோன்றவில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கள் பெரியப்பா பாளையங்கோட்டையில் குதிரை வண்டி ஓட்டினார். விடியுமுன் எழுந்து நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டுவார், உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவார், லத்தியைக் கிளறிப் பார்ப்பார். அப்புறம்தான் அவருக்குக் காப்பி. நான் குதிரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், “ஏல, மூஞ்சியில என்ன இருக்கு, காதைப் பாருல” என்பார். கடைத்தெருக் கூச்சலுக்குள் அவர் மெல்ல ஒரு செருமல் செருமினால் போதும், ஒரு காது அவர் பக்கம் திரும்பிவிடும்.

உங்கள் குதிரையின் காது யார் பக்கம் திரும்பும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் காட்டுகிறவன் பக்கம். நீங்கள் அதற்கு யார்? சாயங்காலம் ஐந்து மணிக்கு முதுகில் ஏறுகிற ஒரு கனம். அதன் நாளில் உங்களுக்கு இடமே இல்லை, கவனம் மட்டும் வேண்டும் என்கிறீர்கள். பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, ராத்திரி வந்து ‘என்னிடம் ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது’ என்று கேட்கிற அப்பா மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, குதிரை மேல் ஆசையில்லாதவருக்கு நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

கொள்ளுத் தீனியைக் குறையுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. வேலை கம்மி, கொள்ளு அதிகம் என்றால் குதிரை துள்ளத்தான் செய்யும். அதன் வயிறு சிறியது, நாள் முழுக்க அசைபோட்டது போல மெல்ல மெல்ல மேய்வதற்கென்று அமைந்தது. இரண்டு வேளை தொட்டியை நிரப்பிவிட்டு நடுவில் பட்டினி போட்டால் வயிற்றில் அமிலம் அரிக்கும், வயிற்று வலியும் வரும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லும் வைக்கோலும் எப்போதும் முன்னால் கிடக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். உப்புக்கட்டி ஒன்று தொங்கவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் நாட்களில் கவனம் இன்னும் சிதறும், அதற்காக அடிக்கக் கூடாது.

ஒரு மாதம் சேணத்தைத் தொடாதீர்கள், ஏறவே வேண்டாம். காலை வேலையை நீங்களே செய்யுங்கள். பையனை நிறுத்திவிட வேண்டாம். எந்தக் காலைத் தூக்கினால் அது முரண்டு பிடிக்கும், எங்கே சொறிந்தால் சொக்கி நிற்கும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.