எழுத்துகளை விழுங்கும் சீரியல் போர்ட்

கேள்வி: ஆய்வகக் கருவி ஒன்று நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் விடாமல் தகவல் அனுப்புகிறது. டாஸ் 6.22 உள்ள 486 கணினி அதை காம்1 சீரியல் போர்ட்டில் வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிறது. வரிகளின் நடுவே இரண்டு மூன்று எழுத்துகள் காணாமல் போகின்றன. கேபிளை மாற்றினோம், தனிக் கம்பிகளில் 'நிறுத்து', 'அனுப்பு' என்று சொல்லும் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் ஃப்ளோ கன்ட்ரோலும் போட்டோம். பலனில்லை.

பதில்: கேபிள் கெட்டிருந்தால் பெரும்பாலும் எழுத்துகள் சிதைந்து வரும். மற்றதெல்லாம் சுத்தமாக இருக்க, சில மட்டும் மறைகின்றன என்றால் அவை கணினிக்குள் நுழைந்த பிறகுதான் தொலைகின்றன.

ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து 10 பிட். அப்படியானால் உங்கள் வேகத்தில் நொடிக்கு 3,840 எழுத்து, 260 மைக்ரோ நொடிக்கு ஒன்று. சீரியல் போர்ட்டை நடத்தும் 8250, 16450 சிப்களில் வந்த எழுத்து உட்கார ஒரே ஓர் இடம்தான். அடுத்தது வந்து முடிவதற்குள் ப்ராசஸர் அதை எடுக்காவிட்டால் புதியது அதன் மேலேயே ஏறிவிடும். இதற்குப் பெயர் ஓவர்ரன். டிஸ்க்கில் எழுதும்போது, எழுத்து வந்ததென்று ப்ராசஸரை அழைக்கும் சிக்னலான இன்டரப்ட் சிறிது நேரம் அடைபட்டாலே போதும். ஃப்ளோ கன்ட்ரோல் உதவாததற்கும் இதுவே காரணம்: எடுத்த எழுத்துகளை நிரல் சேர்த்து வைக்கும் மெமரி பஃபர் நிரம்பினால்தான் நிரல் 'நிறுத்து' என்று சொல்லும். இங்கே பஃபர் காலியாகவே இருக்கிறது, இழப்பு சிப்பில் நடக்கிறது.

உறுதி செய்ய, நிரலில் காம்1-இன் நிலையைச் சொல்லும் 3எஃப்டி போர்ட்டைப் படித்து, மதிப்பு 2 உள்ள பிட்டைப் பாருங்கள். அது 1 என்றால் ஓவர்ரன். படித்ததும் அது அழிந்துவிடும், ஆகவே இன்டரப்ட் ரொட்டீனுக்குள்ளேயே எண்ணி வைக்க வேண்டும்.

அடுத்து, எந்த சிப் என்று பார்க்க டாஸின் டீபக் நிரலைத் திறந்து 'ஓ 3எஃப்ஏ 1' என்றும், பிறகு 'ஐ 3எஃப்ஏ' என்றும் கொடுங்கள். சி1 என்று வந்தால் 16550ஏ, 16 எழுத்து ஃபிஃபோ (எழுத்துகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் சிப்பின் உள் பஃபர்) உண்டு. 81 என்றால் ஃபிஃபோ பழுதுள்ள முதல் 16550. 01 என்றால் 8250 அல்லது 16450. வெளியேறுமுன் 'ஓ 3எஃப்ஏ 0' கொடுத்துவிடுங்கள்.

பழைய சிப் 40 கால்களுடன் சாக்கெட்டில் இருந்தால், அதே இடத்தில் 16550ஏ பொருந்தும். வெட்டு உள்ள முனை அதே பக்கம் இருக்கட்டும். கார்டிலேயே பற்றவைத்திருந்தால் கார்டையே மாற்றுவது உத்தமம். சிப்பை மாற்றினால் மட்டும் போதாது, டாஸில் ஃபிஃபோவை உங்கள் நிரல்தான் திறக்க வேண்டும். 3எஃப்ஏ-வில் ஹெக்ஸ் 87 எழுதுங்கள். 8 எழுத்து சேர்ந்ததும் இன்டரப்ட் வரும், மீதி 8 இடம் சுமார் 2 மில்லி நொடி அவகாசம் தரும். சி7 எழுதினால் 14-இல் தான் இன்டரப்ட், மிச்சம் இரண்டே இடம். இந்த வேலைக்கு அது வேண்டாம். ஒவ்வோர் இன்டரப்டிலும் ஃபிஃபோ காலியாகும்வரை படியுங்கள். ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பினால் இத்தனையும் வீண்.

சிப்பை மாற்ற வழியில்லையா? வேகத்தை 9,600-க்கு இறக்கினால் ஒரு எழுத்துக்கு 1 மில்லி நொடிக்குச் சற்று மேல் கிடைக்கும். டாஸின் மெமரி நிர்வாக நிரலான இஎம்எம்386-ஐ எடுத்துவிடுங்கள், அது இருந்தால் ஒவ்வோர் இன்டரப்டும் தாமதமாகும். டிஸ்க்கில் எழுதப்போகுமுன் ஆர்டிஎஸ்-ஐ நிரலே இறக்கி, கருவி நின்றபின் எழுதலாம். கருவி அந்த சிக்னலை மதித்தால் இது கைகொடுக்கும்.

கேள்வி: க்யூபேசிக் நிரல் 9,600 வேகத்தில் பிழை 69 காட்டி நிற்கிறது. இதுவும் ஓவர்ரன்தானா?

பதில்: இல்லை. இது மெமரி பஃபர் நிரம்பிய பிழை. இயல்பாக 512 பைட். நிரல் அரை நொடி வேறு வேலையில் இருந்தால் நிரம்பிவிடும். ஓப்பன் வரியில் 'ஆர்பி4096' சேருங்கள். சிப்பைத் தொட வேண்டாம்.

கேள்வி: பழைய கணினியிலிருந்து சிஎன்சி இயந்திரத்துக்கு (கணினி நிரலால் இயங்கும் வெட்டும் இயந்திரம்) நிரல் அனுப்பிக்கொண்டிருந்தோம். 16550ஏ உள்ள கணினிக்கு மாறியதும் இயந்திரம் பஃபர் ஓவர்ஃப்ளோ என்கிறது. 'அனுப்பு', 'நிறுத்து' என்பதை எழுத்தாகவே அனுப்பும் எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறைதான்.

பதில்: முதல் கேள்விக்கு மருந்தான ஃபிஃபோ இங்கே நோய். இயந்திரம் எக்ஸ்-ஆஃப் அனுப்பும்போது, அனுப்பும் ஃபிஃபோவுக்குள் ஏற்கெனவே ஏறிய 16 எழுத்து வரை போய்க்கொண்டே இருக்கும். சில பழைய கன்ட்ரோலர்களில் அவ்வளவு இடம் மிச்சமிருக்காது. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டிரான்ஸ்மிட் பஃபரைக் கடைசிவரை குறையுங்கள், போதாவிட்டால் ஃபிஃபோ டிக்கையே எடுத்துவிடுங்கள். கன்ட்ரோலரும் கேபிளும் இடம் கொடுத்தால் ஆர்டிஎஸ்-சிடிஎஸ்-க்கு மாறலாம். ஆனால் டிரைவர் மென்பொருள் சிடிஎஸ்-ஐப் பார்த்து நிறுத்தினாலும் ஃபிஃபோவில் ஏறியவை போகத்தான் செய்யும், ஆகவே டிரான்ஸ்மிட் பஃபர் குறைவாகவே இருக்கட்டும்.